கானாவின் அடிமைக் கோட்டைகளைப் பார்க்கப் போகிறீர்களா? ஆற்றங்கரையிலிருந்து தொடங்குங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் கடற்கரையில், கேப் கோஸ்ட், எல்மினா என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே சுமார் 13 கிலோமீட்டர்தான் தூரம். இரண்டிலும் அலை வந்து மோதும் பாறைமேல் வெள்ளையடித்த பெரிய கோட்டை நிற்கிறது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு அக்கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். அன்று ‘கோல்ட் கோஸ்ட்’ எனப்பட்ட இந்தக் கரையிலிருந்து மட்டும் 12 லட்சம் பேர் போனதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் இப்படிப்பட்ட கோட்டைகளின் நிலவறைகளைக் கடந்து போனவர்கள்தான்.

கானாவின் தலைநகர் அக்ராவுக்கு வேலையாகவோ வியாபாரமாகவோ வரும் நம்மவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். காலையில் ககும் காட்டில் தொங்குபாலம், மதியம் கேப் கோஸ்ட் கோட்டை, சாயங்காலம் எல்மினா, ராத்திரி திரும்ப அக்ரா. சுற்றுலா நிறுவனங்கள் விற்கும் திட்டமும் பெரும்பாலும் இதுதான். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். தொங்குபாலத்தில் கூச்சலிட்டுச் சிரித்துவிட்டு, வேர்வை காயுமுன் நிலவறைக்குள் இறங்கினால் எதுவும் மனதில் ஏறாது. அவசரமில்லாமல், சரியான வரிசையில் பார்க்க என்ன செய்யலாம் என்றுதான் கீழே சொல்கிறேன்.

கிளம்பும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு கானா செல்ல விசா வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்தே விண்ணப்பியுங்கள்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இது கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருந்தால்தான் சான்றிதழ் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போடமாட்டார்கள். அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டும்தான் கிடைக்கும். சென்னைக்காரர்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. ஊசி போட்டதும் தரும் மஞ்சள் அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். மலேரியாவும் அங்கே உண்டு. தடுப்பு மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்கவேண்டியிருக்கும் என்பதால் சில வாரங்களுக்கு முன்னரே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, பயணத்துக்குத் தோதான காலம். டிசம்பர், ஜனவரியில் சஹாராவிலிருந்து ஹர்மத்தான் காற்று தூசியோடு வீசும். வானம் மங்கலாக இருக்கும், தொண்டை வறளும். மே, ஜூனில் நல்ல மழை. ஜூலைக் கடைசியில் போகமுடிந்தால் அதற்கு வேறொரு சிறப்பு உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை பனாஃபெஸ்ட் விழா நடக்கும் காலம் அது. ஆகஸ்ட் 1, அடிமைமுறை ஒழிந்ததை நினைவுகூரும் விடுதலை நாள். அமெரிக்காவிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் அடிமைகளின் வழித்தோன்றல்கள் அப்போது வந்து சேர்வார்கள். ஊர் நிறைந்திருக்கும், அறை கிடைப்பது கடினம். முன்பதிவு செய்துவிடுங்கள்.

கேப் கோஸ்ட்டில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். மூன்று இரவு என்றால் நிம்மதி.

அக்ராவிலிருந்து கேப் கோஸ்ட்

தூரம் சுமார் 145 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அக்ரா நெரிசலைத் தாண்டவே கணிசமான நேரம் போய்விடும். வாடகைக் கார் வசதிதான். ஆனால் கனேஷி சந்தைப் பக்கம் போனால் பேருந்தும் ட்ரோட்ரோவும் கிடைக்கும். ட்ரோட்ரோ என்பது ஷேர் ஆட்டோ முறையில் ஓடும் வேன். ஆள் நிரம்பினால்தான் எடுப்பார்கள். நடத்துநரை ‘மேட்’ என்பார்கள், சில்லறை வைத்திருந்தால் அவருக்கும் நமக்கும் நல்லது. கானாவின் நாணயத்துக்குப் பெயர் ‘செடி’, எங்கும் அதில்தான் கொடுக்கவேண்டும். சின்னக் கடைகளில் அட்டை வாங்கமாட்டார்கள். அதனால் அக்ராவிலேயே பணம் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் எது கேட்பதானாலும் முதலில் வணக்கம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். வணக்கம் சொல்லாமல் நேராக ‘கோட்டை எங்கே’ என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. இது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவில் பிள்ளைகள் ‘ஒப்ரோனி’ என்று கூப்பிடுவார்கள். வெளியூர்க்காரர், வெள்ளைக்காரர் என்று பொருள். நம் நிறத்தையும் மீறி நமக்கும் அதே பெயர்தான். கையசைத்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. வாச்சே என்ற சோறும் காராமணியும் சேர்ந்த உணவு நம் நாக்குக்கு உடனே பழகும். காரம் போட்டுப் பொரித்த பழுத்த வாழைக்காய் கெலெவெலெ. புளிக்கவைத்த மக்காச்சோள மாவை வாழை இலையில் பொதிந்து வேகவைத்தது ஃபாண்ட்டே கெங்கே. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: காய்கறிக் குழம்பு என்று சொன்னாலும் அதில் மீன் இருக்கும். கேட்டுச் சாப்பிடுங்கள்.

முதல் நாள்: அசின் மான்சோ

பெரும்பாலோர் விட்டுவிடும் இடம் இது. நான் முதலில் போகச் சொல்வதும் இதைத்தான். கேப் கோஸ்ட்டிலிருந்து குமாசி போகும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் உள்நாட்டில் இருக்கிறது. ஷேர் டாக்ஸியிலோ ட்ரோட்ரோவிலோ போகலாம். திரும்பி வருவதற்குச் சேர்த்தே ஒரு டாக்ஸி பேசிக்கொண்டால் நல்லது.

ஏன் இங்கே தொடங்கவேண்டும்? கோட்டையில் தொடங்கினால் கதை ஐரோப்பியரின் வாசலில் தொடங்கிவிடுகிறது. பிடிபட்டவர்களுக்கு அது அங்கே தொடங்கவில்லை. வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் போரிலோ கொள்ளையிலோ பிடிபட்டு, கடனுக்கு ஈடாகப் போய் மீட்கப்படாமல் சிக்கி, சலகா போன்ற சந்தைகளில் கைமாறி, கழுத்தும் காலும் பிணைக்கப்பட்டு வாரக்கணக்கில் நடந்து வந்தவர்கள் அவர்கள். கடலுக்கு முன்னால் கடைசிப் பெரிய சந்தையும் தங்கலும் அசின் மான்சோ. இங்கே ஓடும் சின்ன ஆற்றில் அவர்களைக் குளிப்பாட்டினார்கள். விலை படியவேண்டும் என்பதற்காக உடம்பில் எண்ணெய் தேய்த்தார்கள். ‘டொன்கோர் என்சுவோ’, அடிமை ஆறு, என்றுதான் அதற்கு இன்றும் பெயர். சொந்த மண்ணில் அவர்கள் குளித்த கடைசிக் குளியல் அது.

நுழைவாயிலை அடுத்து இரண்டு கல்லறைகள். ஜமைக்காவிலிருந்து கிரிஸ்டல் என்ற பெண்ணின் எச்சங்களையும், அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கார்சன் என்பவரின் எச்சங்களையும் 1998-இல் கொண்டுவந்து, கேப் கோஸ்ட் கோட்டையின் கடல்வாசல் வழியாக உள்ளே எடுத்துவந்து, இங்கே அடக்கம் செய்தார்கள். அந்த வாசல் வழியாக வெளியே போனவர்கள் திரும்பியதில்லை. அதை நாளைக்குப் பார்க்கும்போது இந்த இரண்டு கல்லறையும் நினைவுக்கு வரும். வரிசையை நான் வலியுறுத்துவது இதற்காகவும்தான்.

கல்லறைகளைத் தாண்டி மரங்களுக்கு நடுவே ஆற்றுக்கு ஒரு பாதை இறங்குகிறது. சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார்கள். மூங்கில் நிழல், கலங்கிய தண்ணீர், முழங்கால் ஆழம். பார்க்க ஒன்றுமே இல்லாத இடம் போலத் தோன்றும். வழிகாட்டி பேசி முடித்த பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள். இங்கிருந்து கடல்வரை அவர்கள் கால்நடையாகப் போன தூரத்தை நீங்கள் காரில் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவீர்கள். வழியில் அந்தச் சாலையை ஜன்னல் வழியாகப் பாருங்கள்.

இரண்டாம் நாள்: கேப் கோஸ்ட் கோட்டை

காலை ஒன்பது மணிவாக்கில் திறப்பார்கள். திறந்தவுடன் போய்விடுங்கள். பத்தரை, பதினொன்றுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலாப் பேருந்துகளும் வந்துவிடும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். அதிலேயே வழிகாட்டியும் அடக்கம். சுற்றிவர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கானா அருங்காட்சியக, நினைவுச்சின்ன வாரியத்தின் பொறுப்பில் இருக்கும் இடம் இது. 1979-இல் இந்தக் கடற்கரைக் கோட்டைகள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. வழிகாட்டி இல்லாமல் தனியே சுற்றவேண்டாம். வெறும் சுவர் எதையும் சொல்லாது.

போகும் முன் இந்த வரலாற்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். 1653-இல் ஸ்வீடன்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1664-இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1807-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும்வரை மேற்கு ஆப்பிரிக்காவில் ஆங்கிலேய வணிகத்தின் தலைமையிடம் இதுதான். 1877 வரை கோல்ட் கோஸ்ட்டின் தலைநகரமும் இதுவே.

உள்ளே நுழைந்ததும் வெள்ளை முற்றம், நீலக் கடல், வரிசையாகப் பீரங்கிகள். அழகாக இருக்கும். அந்த அழகைப் படமெடுக்க இப்போது நிற்காதீர்கள். முதலில் கீழே இறங்குங்கள்.

ஆண்களின் நிலவறைக்குச் சாய்வான பாதை இறங்குகிறது. கல் வழுக்கும், பிடிப்பான செருப்பு வேண்டும். உள்ளே அடுத்தடுத்து அறைகள். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உயரத்தில் ஒரு சின்னத் துவாரம் மட்டும். தரையின் நடுவே ஓர் ஓடை வெட்டியிருக்கிறது. கழிவு ஓடுவதற்காக வெட்டியது. அது அடைத்துக்கொண்டபோது அந்தக் கழிவிலேயே இருந்தார்கள், அதிலேயே சாப்பிட்டார்கள், நோயுற்றார்கள், செத்தார்கள். கப்பல் வரும்வரை வாரங்கள், சில நேரம் மாதங்கள். வழிகாட்டி விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா நிற்கச் சொல்லலாம். மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் இதை முன்னாலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் வாசலிலேயே நின்றுகொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால், கேள்வி கேட்டு விளங்கிக்கொள்ளும் வயது வந்த பிறகு போதும்.

அந்த நிலவறையிலேயே ஒரு மூலையில் நானா தாபிர் என்ற தெய்வத்தின் சன்னிதி இருக்கிறது. கோட்டை வருவதற்கு முன்பே அந்தப் பாறையை ஊர்மக்கள் வழிபட்டுவந்தார்கள். இப்போது மறுபடி வழிபாடு நடக்கிறது. வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன மலர் வளையங்களும் அட்டைகளும் கிடக்கும். பூசாரி இருந்தால் காணிக்கை வைக்கலாம், கட்டாயமில்லை. தொடாதீர்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

வெளியே வந்ததும் தலையைத் தூக்கிப் பாருங்கள். ஆண்களின் நிலவறைக்கு மேலேதான் தேவாலயம் இருந்தது. கீழே ஆட்கள் அடைபட்டிருக்க, மேலே ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடந்தது. இந்தக் கோட்டையில் மறக்கக்கூடாத மனிதர் ஒருவர் உண்டு: ஃபிலிப் க்வாக்வே. இதே ஊர்க்காரர். 1754-இல் சிறுவனாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, 1765-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பாதிரியாரானார். 1766-இல் திரும்பிவந்து, 1816-இல் இறக்கும்வரை ஐம்பதாண்டு இதே கோட்டையில் ஊழியம் செய்தார், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். தன் ஜனங்கள் காலுக்குக் கீழே விலைபோய்க்கொண்டிருக்க அவர் எப்படிப் பிரசங்கித்தார் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. முற்றத்தில் அவர் கல்லறை இருக்கிறது. நின்று பாருங்கள்.

பெண்களின் நிலவறையைத் தாண்டினால் பெரிய மரக்கதவு. மேலே ‘திரும்பா வாசல்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வழிகாட்டி அதைத் திறப்பார். இருட்டில் இருந்த கண் கூசும். வாசலுக்கு வெளியே ஒரு பிழைப்பு நடந்துகொண்டிருக்கும்: வண்ணம் பூசிய மரப் படகுகள், வலை பின்னும் ஆட்கள், மீன் விற்கும் பெண்கள், பந்து விளையாடும் பையன்கள். செவ்வாய்க்கிழமை என்றால் படகெல்லாம் கரையில் இருக்கும், அன்று இந்தக் கரையில் மீன்பிடிக்கப் போவதில்லை. திரும்பி வாசலைப் பாருங்கள். கடல் பக்கத்தில் ‘திரும்பும் வாசல்’ என்று எழுதியிருக்கும். நேற்றுப் பார்த்த கல்லறைக்காரர்கள் நுழைந்தது இந்தப் பக்கமாகத்தான்.

இனி மேல்மாடி. ஆளுநர் அறைகளில் பெரிய ஜன்னல்கள், நல்ல கடற்காற்று. கீழே இருந்துவிட்டு மேலே வந்தால்தான் அந்தக் காற்றின் அர்த்தம் தெரியும். அருங்காட்சியகத்தில் கைவிலங்குகளும் கால்விலங்குகளும் சூடுபோடும் இரும்புகளும் இருக்கின்றன. வணிகச் சரக்குகள் பற்றிய பகுதியில் நம்மவர்கள் கூடுதல் நேரம் நிற்கவேண்டும். மனிதர்களுக்கு விலையாக இங்கே இறங்கியவை துப்பாக்கி, வெடிமருந்து, சாராயம், உலோகம், எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி. 18-ஆம் நூற்றாண்டில் அந்தத் துணியில் கணிசமான பங்கு இந்தியப் பருத்தித் துணி. சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்கு ‘கினி துணி’ என்றே வணிகப் பெயர் உண்டு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக் கம்பெனி வாங்கிய துணி ஐரோப்பா போய், அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்தது. பாண்டிச்சேரியின் நீலத்துணி செனகலுக்குப் போனது. தரங்கம்பாடியில் டேன்ஸ்பர்க் கோட்டை கட்டிய அதே டென்மார்க்தான் அக்ராவில் கிறிஸ்டியன்ஸ்பர்க் கோட்டையை வைத்திருந்தது. தறியில் உட்கார்ந்த நெசவாளிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியவேண்டும். வழிகாட்டியிடம் துணியைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றும்: ஆப்பிரிக்கர்களே விற்றார்களே? ஆமாம், அரசர்களும் இடைத்தரகர்களும் விற்றார்கள். வழிகாட்டிகள் அதை மறைப்பதில்லை. ஆனால் வாதம் ஜெயிக்கக் கேட்காதீர்கள். யார், ஏன், எதற்கு ஈடாக விற்றார்கள், துப்பாக்கி இல்லாத அண்டை நாட்டுக்கு என்ன ஆனது என்று கேட்டால் நீங்கள் கற்றுக்கொள்வது அதிகம்.

கூட வருகிறவர்கள்

உங்கள் குழுவில் அமெரிக்காவிலிருந்தோ ஜமைக்காவிலிருந்தோ வந்த கறுப்பினத்தவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு இது முன்னோர் இறந்த இடம். சிலர் வாய்விட்டு அழுவார்கள், சிலர் தரையைத் தொட்டுக் கும்பிடுவார்கள். வாசலில் அவர்களை முன்னால் விடுங்கள். அழுகிறவர்களைப் படமெடுக்காதீர்கள். நிலவறையிலும் வாசலிலும் செல்ஃபி வேண்டவே வேண்டாம். இழவு வீட்டில் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி இருந்தால் போதும்.

அவர்களிடம் பேச்சு வந்தால் ‘எங்கள் ஆட்களையும் இப்படித்தான் கொண்டுபோனார்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். 1834-இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக மொரிஷியஸுக்கும் கயானாவுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேற்றியது உண்மை. ஏமாற்றியும் அடித்தும் வேலை வாங்கினார்கள் என்பதும் உண்மை. ஆனால் அங்கே ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு இருந்தது, கூலியின் பிள்ளை கூலியின் பிள்ளையாகத்தான் பிறந்தது. அடிமையின் பிள்ளை முதலாளியின் சொத்தாகப் பிறந்தது. முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள்: எல்மினா

இரண்டு கோட்டையையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். மனம் மரத்துப்போகும். ஷேர் டாக்ஸியில் அரை மணி நேரத்துக்குள் எல்மினா வந்துவிடும்.

1482-இல் போர்ச்சுகீசியர் கட்டியது இது. கொலம்பஸ் கடலேறுவதற்குப் பத்தாண்டு முன்பு. சஹாராவுக்குத் தெற்கே இன்றும் நிற்கும் ஐரோப்பியக் கட்டடங்களில் மிகப் பழையது. முதலில் தங்கத்துக்காகத்தான் வந்தார்கள். 1637-இல் டச்சுக்காரர்கள் எதிரே உள்ள குன்றில் பீரங்கியை ஏற்றி இதைப் பிடித்தார்கள். 1872-இல் ஆங்கிலேயருக்குக் கொடுத்தார்கள்.

நேற்றுப் பார்த்ததன் மறுபதிப்பு என்று எண்ணவேண்டாம். இங்கே மூன்று இடங்களில் நில்லுங்கள். ஒன்று, பெண்களின் முற்றம். சுற்றிலும் நிலவறைகள், மேலே ஆளுநரின் மாடம். கீழே பெண்களை நிறுத்தி மேலிருந்து ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார், மறுத்தவளை முற்றத்தில் பீரங்கிக் குண்டோடு பிணைத்துவைப்பார்கள் என்று வழிகாட்டி சொல்வார். இரண்டு, அடுத்தடுத்து இரண்டு சிறை அறைகள். ஒன்றின் கதவுக்கு மேல் மண்டையோடு செதுக்கியிருக்கும். எதிர்த்து நின்ற அடிமைகளைப் பட்டினிபோட்டுச் சாகவிட்ட அறை அது. குடித்துவிட்டுத் தகராறு செய்த சிப்பாய்களுக்கான அறை பக்கத்திலேயே, காற்றோட்டத்தோடு இருக்கிறது. மூன்று, மேல்தளத்தில் டச்சுக்காரர்களின் தொழுகைக் கூடம். வாசலுக்கு மேலே 132-ஆம் சங்கீதத்தின் வரியை டச்சு மொழியில் எழுதிவைத்திருக்கிறார்கள்: இது ஆண்டவர் தங்கும் இடம் என்று.

மாடியில் ஓர் அறையில் அசாந்தே மன்னர் முதலாம் ப்ரெம்பே 1896-இல் சிறைவைக்கப்பட்டிருந்தார். ஆங்கிலேயர் அவரை சியரா லியோனுக்கும், பிறகு சேஷெல்ஸ் தீவுக்கும் நாடு கடத்தினார்கள். 1924-இல்தான் அவர் ஊர் திரும்பினார்.

இரண்டு கோட்டை வாசலிலும் இளைஞர்கள் சிரித்துப் பேசி உங்கள் பெயரைக் கேட்பார்கள். நீங்கள் வெளியே வரும்போது அந்தப் பெயரை எழுதிய சிப்பியோ கைவளையோ தயாராக இருக்கும். வேண்டுமென்றால் விலை பேசி வாங்குங்கள். வேண்டாமென்றால் பெயரைச் சொல்லாமல் ‘மெதாசே’, அதாவது நன்றி, என்று சொல்லி நகருங்கள். எரிந்துவிழ வேண்டாம். வேலை குறைவான ஊர் அது. வழிகாட்டிக்கு ஏதாவது கையில் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் அந்த நிலவறைக்குள் பலமுறை இறங்கி ஏறுகிறவர் அவர்.

மதியம் எதிரே உள்ள குன்றில் ஏறினால் டச்சுக்காரர்களின் சிறிய கோட்டை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து எல்மினா முழுக்கத் தெரியும்: கோட்டை, பென்யா காயல், பாலம், படகுகள். படம் எடுக்கச் சரியான இடம் அதுதான். ககும் தொங்குபாலம் ஆசையாக இருந்தால் நான்காவது நாள் போய்வாருங்கள்.

அக்ராவுக்கு இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், அந்த நெடுஞ்சாலையில் இரவுப் பயணம் நல்லதல்ல. ஊருக்கு விமானம் ஏறும்போது மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கையிலேயே வையுங்கள். கானாவிலிருந்து வருகிறவர்களிடம் இந்திய விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்க விதி உண்டு. மலேரியா மாத்திரையையும் ஊர் வந்த பிறகு மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் சாப்பிடுங்கள். திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் மேற்கு ஆப்பிரிக்கா போய்வந்ததை முதலில் சொல்லுங்கள்.